கடலோரத்துக்குச் சொகுசு செடான்: புதுசா, பழசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெரிய கார் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் வண்டியைப் பார்த்துச் சொல்ல என்னை அழைப்பதுண்டு. போகும் வழியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நடுத்தர சொகுசு செடான் என்றால் எந்தக் கார்கள்?

மெர்சிடீஸ் இ கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ6, லெக்சஸ் இஎஸ். முறைப்படி இவைதான் அந்த அளவு. நம்ம ஊரில் ஒரு படி சின்னதான சி கிளாஸ், 3 சீரிஸ், ஏ4 மூன்றையும் இதே கணக்கில்தான் பேசுகிறார்கள். பழைய வண்டிச் சந்தையில் புதிய சி கிளாஸும் அதைவிட இரண்டு மூன்று வருடம் பழைய இ கிளாஸும் ஒரே பணத்துக்கு வரும் என்பதால் அதில் தப்பில்லை. டொயோட்டா காம்ரியைச் சொகுசு பிராண்ட் இல்லை என்று பலர் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன், காரணம் கீழே வரும்.

அளவை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இப்போது விற்கும் இ கிளாஸ் 5.09 மீட்டர் நீளம், 5 சீரிஸ் 5.16 மீட்டர். கீழக்கரையில் தெருவுக்குள் வீடு இருப்பவர்கள் முதலில் டேப் எடுத்துச் சந்து முனையை அளக்க வேண்டும். வண்டி தெருவுக்குள் நுழைந்துவிடும், முனையில் திரும்பாது. அப்புறம் அது மெயின் ரோட்டிலோ கடற்கரைப் பக்கம் காலி மனையிலோ வருடக்கணக்கில் நிற்கும்.

உப்புக்காற்று சென்னையிலும்தான் இருக்கிறது. இங்கே மட்டும் என்ன அதிகம்?

சென்னைக்கு ஒரு பக்கம் கடல். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இரண்டு புறமும் கடல். ஆடியில் கச்சான் காற்று தென்கடலிலிருந்து உப்பையும் மணலையும் அள்ளி வரும், ஐப்பசிக்குமேல் வாடை வடகடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவரும். வண்டிக்கு ஓய்வே கிடையாது. உலகிலேயே இரும்பு வேகமாக அரிக்கும் இடங்களில் பாம்பனும் ஒன்று என்பார்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டதும் இதனால்தான்.

காற்றைத் தவிர இன்னும் இரண்டு உண்டு. மீன் லாரிகள் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரை ரோடு நெடுக ஒழுகவிட்டுப் போகும், பின்னால் வரும் காரின் அடியில் அத்தனையும் தெறிக்கும். இன்னொன்று போர் தண்ணீர். குடிக்க வாயில் வைக்க முடியாத தண்ணீரில் தினமும் காரைக் கழுவுகிறோம். வெயிலில் அது காய்ந்தால் மேலே வெள்ளைப் புள்ளி தெரியும். உள்ளே, கதவின் அடி விளிம்பில், படிவது தெரியாது.

கீழக்கரையில் ஒரு சி கிளாஸ், ஏழு வருடம், 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஓனர் துபாயில். அடிச்சுப் பிடிச்சு வாங்கிடலாமா காக்கா?

அவசரப்படாதீர்கள் தம்பி. இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருவது.

உள்ளூர்ச் சந்தையில் மீட்டரைப் பார்த்து விலை பேசுகிறார்கள். நம்ம கடலோரத்தில் நான் முதலில் கேட்பது, ஓடாத நாளில் வண்டி எங்கே நின்றது என்பதைத்தான். பூட்டிய ஷெட்டா, போர்ட்டிகோவா, கடலைப் பார்த்த காலி மனையா? வருடத்தில் ஒரு மாதம் லீவுக்கு வரும்போது மட்டும் ஓடி, மிச்சப் பதினொரு மாதம் கவர் போட்டு நின்ற கார், மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓடி 90,000 கிலோமீட்டர் கண்ட காரைவிடக் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கவர் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். உப்பு ஈரம் கவருக்குள் புகுந்தால் வெளியே போக வழியில்லை. உள்ளே மணல் மாட்டிக்கொண்டு காற்றில் கவர் ஆடினால் பெயிண்டில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி கோடு விழும்.

நின்ற வண்டியில் என்னென்ன போகும்? பேட்டரி முதலில். இந்தக் கார்களில் ஏஜிஎம் வகை, சாதாரண பேட்டரியைவிட விலை கூடுதல், மாற்றியபின் பல மாடல்களில் ஸ்கேனரில் பதிவு செய்யவும் வேண்டும். பிரேக் டிஸ்க்கில் பேட் பதிந்த இடம் மட்டும் தனித் தழும்பாகத் துரு ஏறியிருக்கும். காலிப்பர் பின் இறுகியிருக்கும். டயர் பட்டன் தேயாமல் புதுசு போல இருக்கும், ஆனால் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2318 என்றிருந்தால் 2018ஆம் வருடம் 23ஆம் வாரத்தில் செய்தது. அந்த டயரில் மதுரை ரோட்டில் 100 வேகத்தில் போக நான் விடமாட்டேன். பானட்டுக்கு அடியில் எலி வேலை பார்த்திருக்கும். ஒயரிங் போனால் சின்னச் செலவில் முடியாது.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வருடா வருடம் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா கேளுங்கள். ஓடாவிட்டாலும் ஆயில் கெடும். வீட்டில் தம்பியோ மச்சானோ வாரம் ஒருமுறை பரமக்குடி வரை ஓட்டிக் கொண்டுவந்திருந்தால் அந்த வண்டி நல்ல வண்டி.

லிஃப்டில் ஏற்றினால் அடியில் எங்கே பார்ப்பது?

லிஃப்டில் ஏற்றாமல் இந்த விலைக்கு வண்டி வாங்காதீர்கள், அதுதான் முதல் பதில். விற்பவர் தயங்கினால் அங்கேயே கதை முடிந்தது.

ஜெர்மன் கார்களின் பாடித் தகடு துத்தநாகப் பூச்சு போட்டது, அது சீக்கிரம் அரிக்காது. அரிப்பது மற்றதெல்லாம். சஸ்பென்ஷன் போல்ட்டுகள், சப்ஃபிரேம், சைலன்சர் கிளாம்ப், பிரேக் பைப் கிளிப், என்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர் முனை. போல்ட்டின் தலை உருண்டு, ஸ்பேனர் பிடிக்காத அளவுக்கு அரித்திருந்தால், நாளைக்கு 2,000 ரூபாய் புஷ் மாற்றப் போனால் போல்ட்டை வெட்டி எடுக்கும் கூலி அதைவிட அதிகம் வரும். அலுமினிய சஸ்பென்ஷன் கையும் இரும்பு போல்ட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பாருங்கள். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் உப்பு ஈரம் இருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும்.

அடுத்தது ஏசி கண்டென்சர். முன் பம்பர் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய அலுமினிய இதழ்கள் விரல் பட்டால் உதிர்கிறது என்றால் கண்டென்சர் மாற்றும் பணத்தை விலையில் கழித்துவிடுங்கள். கடலோர வண்டியில் ஏசி கூலிங் குறைய இது முக்கியக் காரணம், கேஸ் நிரப்பினால் தீராது.

அடியில் புதிதாகக் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் உள்ளே அது நிம்மதியாக வளரும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள், சத்தம் மாறும் இடத்தில் கோட்டிங் தகட்டைவிட்டு எழும்பியிருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் துருப்பிடித்துத்தானே இருக்கும்? கடலோரத் துருவிலிருந்து எப்படிப் பிரிப்பது?

நல்ல கேள்வி. 2015 டிசம்பர் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி என்று மூழ்கிய கார்கள் ஏராளம். ராமேஸ்வரத்திலேயே 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

உப்புக்காற்றுத் துரு வெளியே, அடியில், எல்லா போல்ட்டிலும் ஒரே அளவாக இருக்கும். வெள்ளத் துரு கேபினுக்குள், ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் இருக்கும். சீட் ரெயில், சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர், டேஷ்போர்டு உள்பக்க பிராக்கெட் மூன்றையும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் கடைசி அரை அடியில் சேற்றுக் கறை தெரியும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. பூட் (டிக்கி) தரையைத் தூக்கிப் பாருங்கள். பல மாடல்களில் பேட்டரியும் எலக்ட்ரானிக் பெட்டிகளும் அங்கேதான் இருக்கும். கம்பளத்துக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சை அழுத்தி முகர்ந்து பாருங்கள், வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் காரில் இன்னும் நன்றாக. மூழ்கிய சொகுசுக் காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

காந்தம் ஒட்டவில்லை, பட்டி பார்த்த (ஒடுக்கை மாவு பூசி நிரப்பிய) வண்டி என்கிறார் டிங்கர். நம்பலாமா?

2014க்குப் பின் வந்த சி கிளாஸில் பானட், முன் ஃபெண்டர் எல்லாம் அலுமினியம். கம்பெனியிலிருந்து வந்த அன்றே காந்தம் ஒட்டாது. பெயிண்ட் கனம் அளக்கும் கருவிதான் சரி, அதுவும் அலுமினியத்திலும் அளக்கும் வகை. 100 முதல் 150 மைக்ரான் வரை கம்பெனி பெயிண்ட். 250க்கு மேல் போனால் மறுபடி அடித்தது. ஆயிரத்தைத் தாண்டினால் டிங்கர் சொன்னது சரி.

பெட்ரோலா, டீசலா?

வாரம் ஒருமுறையாவது மதுரை, திருச்சி போகிறவர்களுக்கு டீசல். ராமேஸ்வரத்துக்குள்ளேயே கோயில், கடை, வீடு என்று சுற்றுகிறவர்களுக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 புகை விதி. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர், நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் கரியை எரித்துச் சுத்தமாகும். நாலு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். கூடவே புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ திரவம், 32.5 சதவீதம் யூரியா. அதன் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் நிறைய அப்பியிருந்தால் ஸ்கேனரில் அந்தப் பிரிவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், பம்ப்பும் சென்சாரும் விலை அதிகம்.

பெட்ரோலில் பழையது வாங்கினால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று பெட்ரோல் மூடிக்கு உள்பக்க ஸ்டிக்கரையும் மேனுவலையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் பல 10 சதவீதத்துக்குச் செய்தவை. ரப்பர் குழாய்கள் சீக்கிரம் போகலாம், மைலேஜும் குறையும்.

காம்ரியும் லெக்சஸ் இஎஸ்ஸும் ஹைபிரிட். டிபிஎஃப், ஆட்புளூ தலைவலி இல்லை. காம்ரி 2024 டிசம்பரில் 48 லட்சத்துக்கு வந்தது, அரசுச் சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர். பின் சீட்டில் வயதான அத்தாவையும் உம்மாவையும் உட்கார வைத்து அடிக்கடி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கல்யாண வீட்டில் இறங்கும்போது மெர்சிடீஸ் நட்சத்திரம் மின்ன வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

என்ஜின், கியர்பாக்ஸில் மாடல்வாரியாக எதைப் பார்ப்பது?

பழைய பிஎம்டபிள்யூ 320டி, 520டி கார்களில் வந்த என்47 டீசலில் டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, பின்பக்கத்திலிருந்து சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா கேளுங்கள். நீங்கள் போகும் முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

2010ஐ ஒட்டிய ஆடி 2.0 பெட்ரோல் என்ஜின்களில் சில ஆயில் குடிக்கும். பிஎம்டபிள்யூவின் 8 ஸ்பீடு கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள இ கிளாஸ் என்றால் ராத்திரி நிறுத்தி, காலையில் நாலு மூலையும் ஒரே உயரமா என்று பாருங்கள்.

பிஎம்டபிள்யூவில் ஸ்டெப்னி இல்லையாமே?

பல மாடல்களில் ரன்-ஃபிளாட் டயர். காற்று முழுதும் போனாலும் 80 வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் வரை ஓடும். நம்ம மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கரி மூட்டம் போடும் ஊர்களில் கருவேல விறகு லாரியிலிருந்து உதிரும் முள் ரோட்டோரம் எங்கும் கிடக்கும். முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் காரை ஓரம் கட்டினாலே பஞ்சர்தான். ராமேஸ்வரத்தில் பஞ்சரானால் 80 கிலோமீட்டரில் ராமநாதபுரம் தாண்டலாம், பரமக்குடியை எட்ட முடியாது, மதுரை 170 கிலோமீட்டர். அந்த அளவு ரன்-ஃபிளாட் டயர் வழியில் இருப்பு இருக்காது. அதனால் சிலர் சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறி, பூட்டில் சின்ன ஸ்டெப்னியும் காற்றடிக்கும் மோட்டாரும் வைத்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். பூட்டில் இடம் போகும், போகட்டும்.

டெஸ்ட் டிரைவ் எங்கே போவது?

ஷோரூம்காரர் கூட்டிப்போகும் நாலு வழிச்சாலையில் எல்லாக் காரும் மிதக்கும். உங்கள் தெரு வேகத்தடையில் நாலு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குங்கள், அடி தட்டுகிறதா பாருங்கள். அப்புறம் பாம்பன் சாலைப் பாலம். 1988இல் திறந்தது, 2.3 கிலோமீட்டர். அதன் இணைப்புகளில் 40 வேகத்தில், ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே ஒரு மொத்தல் சத்தம் வந்தால் சரி. மொத்தலுக்குப் பின் கடகடவென்று இரண்டாவது சத்தம் தொடர்ந்தால் லிங்க் ராடு, புஷ், ஷாக் அப்சார்பரில் ஏதோ ஒன்று. பாலத்தில் கடல் பார்க்க வண்டியை நிறுத்தியிருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

புதுசு வாங்கினால் ஷோரூம் விலைக்கு மேல் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். 70 லட்சம் காருக்கு ஏறத்தாழ 14 லட்சம் அங்கேயே போய்விடும். இன்சூரன்ஸ் தனி. 10 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவரே வசூலித்துக் கட்டும் டிசிஎஸ் வரி 1 சதவீதம் பிடிப்பார்கள், அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக் கூடியது. ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ் சேர்த்து பெரும்பாலும் 48 சதவீதமாக இருந்தது 40 ஆனது. அதனால் பழைய வண்டி விலை பேசும்போது 2024 ஷோரூம் விலையைக் காட்டி ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பொதுவாக நாலைந்து வருடத்தில் விலை பாதியாகும். அந்தப் பாதியை முதல் ஓனர் கட்டட்டும் என்பதுதான் மூன்று, நாலு வருட வண்டியின் லாபம். வட்டிக்கு வாங்க விரும்பாதவர்களுக்கும் அதுதான் கைக்கு எட்டும். கம்பெனிகளே சோதித்து வாரண்டியோடு விற்கும் பழைய கார்கள் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் கம்பெனி சர்வீஸுக்கு மதுரை போக வேண்டிய நமக்கு வாரண்டி அந்தக் காசுக்குப் பெறும்.

பாண்டிச்சேரி நம்பர் வண்டி 4 லட்சம் குறைவாக வருகிறது. எடுக்கலாமா?

குறைவு ஏன் என்றால் அங்கே கட்டிய வரி குறைவு. 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் நம்ம ராமநாதபுரம் பதிவான டிஎன் 65-க்கு மாற்ற வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ற வரியை இங்கே கட்ட வேண்டும். அந்தத் தொகையை முதலில் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். பேப்பரில் தடையில்லாச் சான்றுக்கு (என்ஓசி) படிவம் 28, பெயர் மாற்ற 29, 30, கடன் இருந்தால் பேங்க் கடிதத்தோடு 35. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டாலே கடன் நிற்கிறதா தெரியும்.

இன்சூரன்ஸில்?

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, உங்களுக்கு வராது. தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசி தராது, என்ஜின் பாதுகாப்பு தனியாகச் சேர்க்க வேண்டும். வாங்கும் முன் பழைய கிளெய்ம் விவரத்தை விற்பவரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு உப்பிலிருந்து எப்படிக் காப்பது? செராமிக் கோட்டிங் போதுமா?

செராமிக் மேல் பெயிண்டுக்கு. அரிப்பு நடப்பது அடியில். புது வண்டி என்றால் முதல் மாதமே, சுத்தமான அடியில் மெழுகு வகைப் பூச்சு அடியுங்கள். கழுவக் குடிநீர் லாரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போர் தண்ணீரில் கழுவி, கடைசி இரண்டு வாளி மட்டும் நல்ல தண்ணீர். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், மணல் அடைத்திருக்கும். சன்ரூஃப் வடிகாலும் அப்படியே.

விருந்தாளி வந்தால் அரிச்சல்முனை போகாமல் முடியாது. 2017இல் போட்ட ரோடு கடைசி வரை இருக்கிறது, மணலில் மட்டும் இறக்காதீர்கள். காற்றுக் காலத்தில் திரும்பி வந்த அன்றே அடியைக் கழுவுங்கள், மறுநாள் என்று தள்ள வேண்டாம்.

துபாயில் நான் ஓட்டும் இ கிளாஸையே ஊருக்குக் கொண்டுவரலாமா மாமா?

முடியாது மருமகனே. இறக்குமதியாகும் பழைய காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. அங்கே ஓடுவது இடது ஸ்டியரிங், முதல் விதியிலேயே நின்றுவிடும். சுங்க வரியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதை அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள். லீவு தேதியை முன்கூட்டியே சொன்னால் மதுரையில் இரண்டு மூன்று வண்டி பார்த்து வைக்கிறேன்.